வலைக்குப் பின்னால் ஒரு கோடை

ஒஸ்லோவின் ரொம்சோஸில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தளத்தில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான சலவை அறை ஒன்று இருந்தது. திங்கட்கிழமைப் பின்னேரம் எங்கள் முறை. கோடை வந்துவிட்டால் அந்த முறை எங்கள் வீட்டு உடுப்புகளுக்குக் கிடைக்காது. சனிக்கிழமை ஆடிய அணியின் பச்சை ஜேர்சிகள் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் சுழன்றுகொண்டிருக்கும். நானும் என் தங்கையின் மகனும் எதிரே மர வாங்கில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பச்சை நுரைக்குள் மறையும், திரும்ப மேலே வரும். ஆழமில்லாத கடலில் பாசி அசைவது போல இருக்கும். இருவரும் அதிகம் கதைக்கமாட்டோம். நான் வாழ்க்கையில் மிகவும் நிம்மதியாக இருந்த இடம் எது என்று யாராவது கேட்டால் அந்தச் சலவை அறையைத்தான் சொல்லுவேன். அந்த நிம்மதியைக் கெடுத்தவனும் நான்தான்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களையே கல்லூரி என்போம். அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒஸ்லோவிலும் இருந்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஓர் உதைபந்தாட்ட அணி. கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் எங்களுக்குள்ளே ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். ஆடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே பிறந்த பிள்ளைகள். தாங்கள் எந்தக் கல்லூரிக்காக ஓடுகிறார்களோ அதன் வாசலைக்கூட அவர்கள் கண்டதில்லை. தகப்பன் எங்கே படித்தாரோ அந்த அணிதான் பிள்ளைக்கும். வீட்டுப் பெயரைப் போல அதுவும் கூடவே வந்தது.

எங்கள் கல்லூரியின் நிறம் பச்சை. அதே தெருவில் எதிர்ப்பக்கம் இருந்த கல்லூரியின் நிறம் சிவப்பு. ஒரு தெருவின் அகலம்தான் இரண்டுக்கும் இடையில். அந்தத் தெருவை விமானத்தில் ஏற்றி ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்து, தட்டி விரித்து, நடுவில் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் நின்றோம். நான் பச்சை அணியின் பொறுப்பாளர். வேலை ஒரு பள்ளிக்கூடத்தில் தாய்மொழி ஆசிரியர். எல்லோரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நான் மணம் செய்யவில்லை. தங்கையும் அவள் மகனும் என்னோடு இருந்தார்கள். தங்கையின் கணவன், என் மச்சான், மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் ஒரு குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான்.

மச்சான் படித்தது சிவப்புக் கல்லூரியில்.

அப்படியானால் வழக்கப்படி மருமகனும் சிவப்புக்குத்தான் ஆடியிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அவன் பந்தைக் காலில் ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்த நாளில் நான் அந்த வழக்கத்தை வளைத்தேன். சங்கங்களின் கூட்டத்தில் எழுந்து, தகப்பன் இல்லாத பிள்ளைக்கு வளர்த்தவரின் கல்லூரி என்று வாதாடினேன். படித்தவன் வாதாடினால் அழகாகத்தான் இருக்கும். ஒருவரும் மறுக்கவில்லை. இறந்துபோன மனிதனின் சார்பில் பேச அங்கே யாரும் இருக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பச்சை. பதினேழு வயதில் ஒன்பதாம் இலக்க ஜேர்சி அவனுக்கு வந்தது. அவன் ஓடினால் மைதானத்தின் ஓரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள்கூட ஃபிளாஸ்க்கைச் சரித்தபடி மறந்து நிற்பார்கள்.

அவனுக்குப் பத்தொன்பது நடந்த வசந்தத்தில், பனி உருகி, நடைபாதையில் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுவதும் கொட்டிய சிறுகல் காலுக்குக் கீழே நொறுநொறுத்த நாட்களில், ஒரு திங்கட்கிழமை சலவை அறையில் இருந்தோம். முதல் பயிற்சியின் ஜேர்சிகள் உலர்ந்து வந்திருந்தன. அவன் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினான். ஒன்பதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டான்.

"மாமா, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கிற விஷயமெண்டால் கோவிப்பன். சொல்லு."

"இந்தச் சமருக்கு, கோடை முழுக்க, நான் சிவப்புக்கு விளையாடப்போறன்."

இயந்திரம் ஒன்று தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம் கேட்டது.

"ஆர் உன்னைக் கேட்டது? அந்தக் கோலியோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. நானாத்தான்."

"எங்கடை ரீமிலை என்ன குறை உனக்கு?"

"குறையொண்டும் இல்லை மாமா. அது அப்பா படிச்ச இடம். அப்பாவோடை விளையாடின ஆக்களிலை இப்பவும் விளையாடிறது அவர் ஒராள்தான். அவரும் இந்தச் சமரோடை நிப்பாட்டப் போறாராம். ஒருக்காவெண்டாலும் அவருக்கு முன்னாலை நிண்டு விளையாடவேணும். அவ்வளவுதான்."

கோலி என்று நான் சொன்னது சிவப்பு அணியின் பந்துக்காப்பாளரை. லில்லெஸ்ட்ரோமில் குடியிருந்தவர், ஒஸ்லோவில் டிராம் ஓட்டினார். நாற்பதைத் தாண்டியும் கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றார். முன்பு பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் மச்சானோடு ஒரே மேசையில் நின்றவர். அங்கே தமிழர்கள் சேர்ந்து ஒரே ஓர் அணிதான் அமைக்க முடிந்தது. பச்சையும் சிவப்பும் பிரிந்தால் இரண்டு பக்கமும் ஆள் போதாது. ஆகவே எல்லோரும் வெள்ளைப் பெனியன் போட்டு, மீன்பெட்டி ஒட்டும் நீலப் பட்டியால் முதுகில் இலக்கம் ஒட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு மேலே இருந்த சரளைக்கல் மைதானத்தில் ஆடினோம்.

ஆடினோம் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் நானும் அந்த அணியில் இருந்தேன். அவன் தகப்பனோடு ஆடிய இன்னொருவன் அந்தச் சலவை அறையில் ஒரு ஜேர்சியைக் கையில் பிடித்தபடி அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். மருமகன் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கும்படி நான் ஒருநாளும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சிறு வயதில் அவன் கேட்பான், அப்பா எப்படி விளையாடுவார் என்று. "நல்லா விளையாடுவான்" என்பேன். அதோடு சரி. பிறகு கேட்டால் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பேன். மச்சானின் நினைவு எனக்கு வலித்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலித்தது உண்மை. ஆனால் அது மட்டும் அல்ல. அவன் மனதில் தகப்பன் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவேண்டும், மங்கிய இடத்தில் நான் தெளியவேண்டும் என்று விரும்பினேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை. நான் பூட்டி வைத்ததை டிராம் ஓட்டும் ஒரு மனிதர் மைதானத்து ஓரத்தில் ரோல்ஸ் சாப்பிட்டபடி அள்ளிக் கொடுத்திருக்கிறார். மருமகன் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறான். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"யோசிப்பம்" என்றேன்.

யோசிக்கவில்லை. அவன் சொல்லி முடித்தபோதே முடிவு எடுத்துவிட்டேன்.

எங்கள் சுற்றுப்போட்டியில் ஒரு சட்டம் இருந்தது. ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறுகிறவனுக்குப் பழைய அணி விடுகை கொடுத்தால் உடனே ஆடலாம். கொடுக்காவிட்டால் ஒரு கோடை முழுவதும் வெளியே இருக்கவேண்டும். நல்ல ஆட்டக்காரர்களைப் பாதி வழியில் ஆசைகாட்டி இழுப்பதை நிறுத்துவதற்காகச் சில வருடங்களுக்கு முன் அதை எழுதிக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைக்குக் கொடுக்கும் விடுகைப் பத்திரத்தை நினைத்து அந்தப் பெயர் வைத்தேன். இருபது வயது இளைஞர்கள் விடுகை கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டியபோது, பலருக்கு நான் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன்.

போட்டி தொடங்குவதற்கு முன் எல்லா அணிகளும் கூடும் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மருமகன் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றான். தலைவர் அவன் பெயரை வாசித்து, பச்சை அணி விடுகை கொடுக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. கோலி பின்வரிசையில் இருந்து எழுந்தார். பெரிய உடம்பு. எழும்போதே கதிரை கொஞ்சம் பின்னால் போகும்.

"மாஸ்டர், பெடியன் ஒரு சமர்தானே கேக்கிறான். உங்கடை வீட்டிலை கலியாணத்துக்குப் பொம்பிளையே கேட்டவன்?"

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"சட்டம் எழுதினவர் நீங்கள்தானே. எழுதினவருக்கு ஒருக்கா கண்ணை மூடத் தெரியாதே? எங்கடை ரெஃப்ரிமார் ஒவ்வொரு மட்சிலையும் மூடினம்."

இன்னும் பெரிய சிரிப்பு. நடுவர்களாக இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு நானும் சேர்ந்து, சரி கொண்டு போங்கோ என்று கையை அசைத்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். மனம் அந்தப் பக்கம் ஒரு கணம் சாயவும் செய்தது. அப்போது யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள்: "மாஸ்டர் எப்பிடி விடுவார்? ஒன்பதாம் நம்பர் போனால் பச்சை ரீமெண்டது பத்துப் பேரும் ஒரு தேத்தண்ணி ஃபிளாஸ்க்கும்தான்!"

அது பகிடிதான். ஆனால் எனக்குள் ஏதோ இறுகிப்போனது.

"விடுகை இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ" என்றேன்.

மருமகன் ஒரு சொல் சொன்னான். "ஊரெட்ஃபேர்டி." நியாயமில்லை என்பதற்கு நோர்வேச் சொல். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்தாமல் வெளியே போனான்.

வீட்டில் தங்கை சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, அவன் தேப்பன்ரை பக்கம் போறதிலை உங்களுக்கு என்ன குறையுது?"

"ஒரு சமர்தானே. அடுத்த வருஷம் விளையாடட்டும்."

"அடுத்த வருஷம் அந்த மனிசன் விளையாடுவாரோ?"

"விளையாடுவார். நிப்பாட்டிறன் நிப்பாட்டிறன் எண்டு எத்தினை வருஷமாச் சொல்லிறார்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருக்கவில்லை. தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். எப்போதும் போல நிறையத்தான் போட்டாள்.

அந்தக் கோடையை நான் ஒரு கனவைப் போலத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். வெயில் மங்காத நீண்ட சனிக்கிழமைகள். லில்லெஸ்ட்ரோமுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். ஓரத்தில் பேர்ச் மரங்கள், அவற்றின் மெல்லிய விதைகள் காற்றில் மிதந்து புல்லில் இறங்கும். மருமகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் ஏறி அங்கே வந்தான். சிவப்பு ஜேர்சி போட அவனுக்கு அனுமதி இல்லை. சாம்பல் நிற மேற்சட்டையோடு சிவப்பு அணியின் கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றான்.

கோலி முன்பக்கம் பார்த்தபடிதான் நிற்பார். பந்து மற்றக் கரையில் இருக்கும்போது அவர் வாய் அசையும். தலையைத் திருப்பாமல், தோளுக்கு மேலாக, வலை வழியே அவனோடு கதைத்துக்கொண்டிருப்பார். பந்து இந்தப் பக்கம் வந்தால் நிறுத்துவார். பிடித்து, உதைத்து அனுப்பிவிட்டுத் திரும்பத் தொடங்குவார். மருமகன் இரண்டு கைவிரல்களையும் வலைக் கண்ணிகளில் கோத்துக்கொண்டு கேட்பான். சில வேளைகளில் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் எதிர்க்கரையில் மடிப்புக் கதிரையில் இருப்பேன். ஒரு சொல்லும் எனக்குக் கேட்காது. பார்க்கமட்டும் தெரியும். அந்தப் பெரிய முதுகும், வலையும், அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் அவனும். தண்ணீருக்கு அடியில் நடப்பதை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும்.

அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். பாட்ஸ்பியோர்ட்டைத்தான் சொல்லுவார். நான் சொல்லியிருக்க வேண்டியதை.

இறுதியாட்டம் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் வந்தது. ஒன்பதாம் இலக்கம் இல்லாமலே நாங்கள் அதுவரை வந்துவிட்டோம் என்பதில் எனக்கு ஒரு கர்வம். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்தைப் பிடிக்கக் கோலி எழும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை. ஒருவரும் அவரைத் தொடவில்லை. பந்தை அழகாகக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தவர், கால் தரையில் பட்டதும் அப்படியே மடிந்து விழுந்தார். பந்தை மட்டும் விடவில்லை. கோல் கம்பத்தைச் சுற்றி ஓடி அவரிடம் முதலில் போய்ச் சேர்ந்தவன் மருமகன். ஆடுகளத்துக்குள் கால்வைக்க அனுமதி இல்லாதவன். நடுவர் அவனைத் தடுக்கவில்லை.

முழங்காலுக்குள் சவ்வு அறுந்துவிட்டது என்று பிறகு அறிந்தோம். அம்புலன்ஸ் வந்தது. மருமகனும் அதில் ஏறிப் போனான். சிவப்பு அணி வேறொருவனைக் கோலில் நிறுத்தியது. கோலில் நின்று பழகாத ஒருவன். நாங்கள் இரண்டு கோல் அடித்து வென்றோம்.

கோப்பையை என் கையில் தந்தார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். பாவனைச் சிரிப்பு அல்ல, உண்மையாகவே சந்தோஷப்பட்டிருக்கிறேன் என்பது முகத்தில் தெரிகிறது. அதனால்தான் அந்தப் படத்தை நான் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் கோப்பை மடியில் இருந்தது. ஒரு நோர்வே முதியவர் எதிரில் இருந்து அதைப் பார்த்துப் புன்னகைத்து வாழ்த்துச் சொன்னார். நன்றி சொல்ல வாய் திறந்தபோதுதான், கோலி இனி ஒருபோதும் ஆடமாட்டார் என்பது எனக்குப் புத்தியில் ஏறியது. மருமகன் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைப் பிறகு தருவேன் என்று நினைத்து வைத்திருந்தேன். தருவதற்கு அது இனி என்னிடம் இல்லை.

அவன் அன்று இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டான். மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தான்.

"வாழ்த்துகள் மாமா" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அது குத்தலாக இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவன் என்னோடு பேசாமல் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு, பால் முடிந்துவிட்டது, அம்மா இரவு வேலைக்குப் போகிறா, இப்படியெல்லாம் பேசினான். சலவை அறைக்கு மட்டும் வரவில்லை. நான் தனியே வாங்கில் இருந்து எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்புகள் சுழல்வதைப் பார்த்தேன். வெள்ளையாகச் சுழலும். பனிக்காலத்தில் வெளியேயும் வெள்ளை. உள்ளேயும் வெள்ளை.

அடுத்த கோடையில் அவன் சிவப்பு ஜேர்சி போட்டான். சட்டம் சொன்ன ஒரு கோடை கழிந்துவிட்டது. எங்களுக்கு எதிராக ஆடியபோது, பாதித் தூரத்திலிருந்து தனியே பந்தைக் கொண்டுவந்து எங்கள் வலைக்குள் போட்டான். அவன் அணிப் பிள்ளைகள் அவனைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு முழு மைதானத்தையும் நடந்து கடந்து, மறுகரையில் தங்கள் கோலுக்குப் பின்னால் போனான். அங்கே கோலி மடிப்புக் கதிரையில் காலை நீட்டி இருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். குனிந்து அவர் தோளில் கைவைத்தான். பிறகு திரும்பி வந்து ஆடினான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் ரோல்ஸ் பெட்டியைச் சுற்றி நின்றபோது நான் கோலியிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. முழங்கால் எப்படி என்று கேட்டேன்.

"முழங்காலோ? டிராமிலை பிரேக் போட நல்லா உதவுது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருங்கோ மாஸ்டர். மன்னிப்புக் கேக்க வந்தனீங்களெண்டால், இந்தக் கால் நீங்கள் முறிச்சதில்லை. நிண்டு அலட்ட வேண்டாம்."

பக்கத்தில் புல்லில் இருந்தேன்.

"எனக்கு ஒரு கரைச்சல்" என்றார். "போன சமர் முழுக்க அவனுக்குத் தேப்பனைப் பற்றிச் சொன்னனான். இப்ப சொல்ல ஒண்டும் மிச்சமில்லை. ஆனால் பெடியன் விடுறானில்லை. போன கிழமையும் கேட்டான், அப்பா கோல் அடிச்சாப் பிறகு முகம் எப்பிடி இருக்கும் அங்கிள் எண்டு. எனக்கு எப்பிடி மாஸ்டர் தெரியும்? நான் கோலிலை நிண்டவன். அவன்ரை முதுகைத்தான் கண்டனான். முகத்தைக் கண்டது நீங்கள்."

நான் குனிந்து புல்லைக் கிள்ளினேன்.

"அந்த மூடுபனி மட்ச்" என்றார். "எனக்கு அண்டைக்கு என்ரை கோல் கம்பமே தெரியேல்லை. என்ன நடந்ததெண்டு உங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். அவன் இப்ப இல்லை. மிச்சம் நீங்கள்தான். சொல்லுங்கோவன் பெடியனுக்கு. இதுக்கும் விடுகை வேணுமே?"

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அன்று பின்னேரம் மருமகன் தன் பழைய காரில் என்னை ரொம்சோஸுக்குக் கூட்டிவந்தான். எங்கள் கட்டடத்துக்குக் கீழே பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமான ஒரு சரளைக்கல் மைதானம் உண்டு. காரை அதன் பக்கத்தில் நிறுத்தினான். வெயில் இன்னும் மலையடிவாரத்தில் இருந்தது. மைதானத்தில் யாரும் இல்லை. அவன் சாவியைத் திருப்பியதும் சொல்லத் தொடங்கினேன்.

"நீ பிறக்கிறதுக்கு முதல் வருஷம். பக்கத்து ஊர்த் தொழிற்சாலையோடை ஒரு மட்ச். பாதியிலை கடலிலை இருந்து மூடுபனி ஏறிவந்திட்டுது. நான் நீட்டின கை எனக்குத் தெரியேல்லை."

அவன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தான்.

நான் சொன்னேன். நடுவர் விசில் ஊதினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவரையும் ஒருவருக்குத் தெரியவில்லை. காலடியில் சரளைக்கல் நெரிபடும் சத்தம் மட்டும் நாலு பக்கமும். கடற்பறவைகள் எங்கோ மேலே. பந்து உருண்டு வந்து என் காலில் பட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். நான் நல்ல ஆட்டக்காரன் அல்ல. எப்போதும் பந்து வந்தால் பயம்தான். அப்போது வலது பக்கத்தில், தூரத்தில், அவனுடைய தகப்பனின் குரல் கேட்டது. வெள்ளைக்குள்ளே இருந்து குரல் மட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை நோக்கி உதைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலை அதிரும் சத்தம். பிறகு மூடுபனியைக் கிழித்துக்கொண்டு மச்சான் என்னை நோக்கி ஓடிவந்தான். வாய் முழுக்கச் சிரிப்பு, புருவத்தில் எல்லாம் பனித்துளி. கோல் அடித்தவனைத்தான் எல்லோரும் தூக்குவார்கள். அவன் என்னைத் தூக்கினான். தன்னைவிடப் பத்து வயது மூத்த, கனத்த மனிதனை. இருவரும் சரளைக்கல்லில் விழுந்தோம்.

"இவ்வளவுதான்" என்றேன். "சிரிக்கேக்கை உன்னைப் போலத்தான். ஒரு பக்கம் கொஞ்சம் கூட ஏறும்."

மருமகன் முன்கண்ணாடி வழியாக மைதானத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"நீங்களே மாமா பந்து குடுத்தது?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

அவனுக்கு அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். மங்கவேண்டும் என்று நான் விரும்பியதைச் சொன்னேன். விடுகை கொடுக்காததற்குச் சட்டம் காரணம் இல்லை என்பதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன். அவன் சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. அந்தக் கோலிக்கு முன்னால் நின்று ஓர் ஆட்டம் ஆடவேண்டும் என்று அவன் கேட்டான். அது நடக்கவில்லை, இனி நடக்காது. நான் சொன்ன கதை அதற்கு ஈடாகாது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவன் கேட்டான்: "என்னெண்டு கூப்பிட்டவர்?"

"மச்சான், இஞ்சை எண்டு."

"அப்பிடியில்லை மாமா. எப்பிடிக் கூப்பிட்டவர்? எனக்கு அவற்றை குரல் ஞாபகமில்லை. கூப்பிட்டுக் காட்டுங்கோ."

காருக்குள் இருந்து அப்படிக் கத்த முடியாது. இறங்கினோம். அவன் பின்பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தான். சரளைக்கல் மைதானத்தின் நடுவில் நின்று, ஐம்பதைக் கடந்த தாய்மொழி ஆசிரியரான நான், வேறொருவரின் குரலைத் தொண்டைக்குள் தேடினேன். மச்சானின் குரல் உடம்புக்கு மிஞ்சி மெல்லியது, கடைசியில் மேலே ஏறும். முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. "மச்சான்… இஞ்சை!" மேலே நாலாம் மாடியில் யாரோ யன்னலைத் திறந்து பார்த்தார்கள். தங்கையாக இருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மருமகன் பந்தை என் காலடியில் வைத்தான். பிறகு திரும்பி, வெயில் விழும் பக்கமாக ஓடினான். வெளிச்சம் நேரே என் கண்ணில் அடித்தது. சிவப்பு ஜேர்சி கரைந்து, அவன் இருக்கும் இடமே தெரியவில்லை. வெள்ளை மட்டும் இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளே இருந்து, கடைசியில் மேலே ஏறும் ஒரு குரல் கேட்டது.

"மாமா… இஞ்சை!"

கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன்.